விரால் மிதந்த கோடை

தம்பி,

இரண்டு வாரத்துக்கு முன்னால் நீ அனுப்பிய குரல் செய்திக்கு நான் ஏன் இன்னும் பதில் போடவில்லை என்று உங்கம்மாவிடம் கேட்டாயாம். அதை மூன்று தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்டு முடித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். நீ தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. ஸ்வீடனில் இது நடுக்கோடை, ஆற்றுத் தண்ணீர் இருபது டிகிரியைத் தாண்டிவிட்டது, அதனால் சால்மன் மீன் பிடிக்கக் கூடாது என்று அங்குள்ள மீன்பிடி சங்கத்தார் ஆற்றையே மூடிவிட்டார்கள் என்றாய். ட்ரவுட் என்கிற மீனை வெயில் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம் மட்டும் பிடிக்கலாமாம். பைக் என்று ஒரு மீன், அது நாணல் ஓரத்து ஆழத்தில் ஒதுங்கிக் கிடக்கிறதாம். மாட்டினாலும் தண்ணீரைவிட்டு வெளியே தூக்காமல் முள்ளைக் கழற்றி விட்டுவிட வேண்டுமாம். உங்கம்மா பக்கத்திலிருந்து கேட்டுவிட்டு, ஆற்றுக்குள் பைக் எப்படி விழுந்தது, ஓட்டினவனுக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று பதறினாள். அது நம்ம விரால் மாதிரி ஒரு மீன், புதருக்குள் ஆடாமல் அசையாமல் நின்று பாய்ந்து பிடிக்கும் என்று சொல்லிப் புரியவைத்தேன். லீவு போட்டு, மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கி, எல்லாம் வீணாய்ப் போயிற்று, கடுப்பாக இருக்கிறது என்றாய். அப்புறம் சிரித்தாய். "நம்ம ஊரா இருந்தா நாப்பது டிகிரியிலயும் புடிச்சிக்கினே இருப்போம்பா, யாரு வந்து கேக்கப் போறா" என்றாய்.

அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் போனைக் கவிழ்த்தேன். கோபம் உன்மேல் இல்லை. அந்தச் சிரிப்பு என்னுடையது. என்னிடமிருந்துதான் உனக்கு வந்தது. அதே செய்தியில், ஆவணியில் உன் கல்யாணத்துக்கு வரும்போது கூட வேலை செய்யும் ஒருவரை அழைத்து வருவதாகவும், நம்ம ஏரியில் விரால் பிடிப்பதை அவருக்குக் காட்ட வேண்டும் என்றும் சொன்னாய். இரண்டு வருஷமாக நீ கேட்கும்போதெல்லாம் "ஏரி நல்லா கீதுடா" என்று சொல்லி வந்தேன். பொய். போனில் இதையெல்லாம் சொன்னால் நடுவில் உன் குரல் வரும், நான் பாதியில் நிறுத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போவதற்கு முன்னால் நீ இதைப் படித்துவிட வேண்டும்.

கோடையில் ஏரி எப்படி இருக்கும் என்பது உனக்குத் தெரியும், ஆனாலும் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. தண்ணீர் சூடேறினால் அதிலிருக்கிற காற்று குறையும். கத்திரி வெயிலில் நம்ம ஏரி முழங்கால் அளவுக்கு வற்றும்போது மீனுக்கு மூச்சு முட்டும். அதிலும் விடிவதற்குச் சற்று முன்னால்தான் ரொம்ப மோசம். கட்லாவும் ரோகும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்தான் முதலில் சாகும், சின்னது தாக்குப்பிடிக்கும். வெயில் ஏறி பாசி காற்று விட ஆரம்பித்ததும் மிச்சம் இருப்பது பிழைத்துக்கொள்ளும். ஆனால் விரால் அப்படிச் சாகாது. விராலும் குறவையும் தலையை நீட்டி வெளிக்காற்றைக் குடித்துக்கொள்கிற மீன். சேற்றுக்குள் புதைந்தால்கூட மழை வரும்வரை இருக்கும். வெயிலில் செத்த விராலை நான் என் ஐம்பத்தெட்டு வயதில் பார்த்ததில்லை. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி.

மூச்சுக்குத் திணறுகிற மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பதைப் போல அசிங்கம் வேறு இல்லை. நாம் அதை விளையாட்டு என்றோம். சனி ஞாயிறில் சென்னையிலிருந்து காரில் வருகிறார்களே, விலை உயர்ந்த தூண்டிலும் ரப்பர் தவளையும் கொண்டு, அவர்களைப் பார்த்து நான் முகம் சுளித்திருக்கிறேன். மீனை வெயிலில் பத்து நிமிஷம் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துவிட்டு, பெரிய மனசு பண்ணி ஏரியில் விடுவார்கள். அது பக்கவாட்டில் சாய்ந்தபடி போகும். மறுநாள் கரையில் கிடக்கும், கூடவே பீர் பாட்டிலும் அறுந்த தூண்டில் நரம்பும். ஆனால் நாம் என்ன யோக்கியம்? ஒரு ஆனி மாதம் நீயும் நானும் போனபோது, செக்கச்செவேலென்று ஒரு பார்ப்புக் கூட்டம் தண்ணீரில் கொப்பளித்துக்கொண்டு போனது, அதற்குக் கீழே அந்தக் குஞ்சுகளைக் காவல் காத்தபடி தாய் விரால். நீ உன் ரப்பர் தவளையைக் கூட்டத்தின் நடுவில் போட்டாய். குஞ்சைக் காப்பாற்றத்தான் அது கடித்தது. பசியில் இல்லை. கரைக்கு இழுத்தாய், நான் போனில் வீடியோ எடுத்தேன். அந்தப் பக்கம் ஜிலேபி மீன்கள் பார்ப்பு முழுவதையும் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. நான் கைதட்டினேன். நீ நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாததற்கு, நான் தட்டிய கைதான் காரணம்.

இது சின்னது. இனிமேல் சொல்வதுதான் பெரியது.

போல்ட்டுக்கும் நட்டுக்கும் முலாம் பூசுகிற அந்தக் கம்பெனியில், கழிவுநீரைச் சுத்தம் பண்ணுகிற பிரிவில் பதினோரு வருஷம் இருந்தேன். என் வேலை ரொம்பச் சுலபம். உள்ளே வருகிற விஷத்தை வெளியே போகவிடாமல் வைப்பது. நீ கிளம்பிய வருஷம், கத்திரி வெயில் நடுவில், சேற்றைப் பிழிந்தெடுக்கிற மிஷின் உடைந்துவிட்டது. பாகம் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். முலாம் பூசுகிற லைன் நிற்கவில்லை. வெளிநாட்டு ஆர்டர், எல்லோருக்கும் ஓ.டி. கழிவுத் தொட்டி விளிம்புவரை ஏறிவிட்டது. காலை ஷிஃப்ட்டில் மேனேஜர் தானே வந்தார், கையில் எனக்கும் ஒரு டீ. நல்ல மனிதர், குரலை உயர்த்திப் பேசியதே இல்லை. ஏரிக்கு மழைத்தண்ணீர் போகிற கால்வாய்க்கு ஒரு வால்வு உண்டு, அதைத் திறந்துவிடச் சொன்னார்.

"ஏரியில தண்ணி இல்ல சார். மொழங்கால் அளவுதான் கீது" என்றேன்.

ஒரு ஷிஃப்ட்தான், ஏரிக்குப் போய்ச் சேருவதற்குள் மண்ணே குடித்துவிடும் என்றார். அப்புறம் டீயைக் குடித்தபடி உன்னைப் பற்றி விசாரித்தார். உன் கம்பெனியும் எங்கள் கம்பெனியும் ஒரே குரூப்பைச் சேர்ந்தவை என்பது உனக்குத் தெரியும், வெளிநாட்டுக்கு அனுப்புகிற பட்டியல் அவர் கைக்கும் வரும் என்பது தெரிந்திருக்காது. "தம்பி பேப்பர் எங்கிட்ட வந்துது அண்ணே. நல்ல பையன்னு எழுதிக் குடுத்துட்டேன்" என்றார். மிரட்டவில்லை. நல்ல செய்திதான் சொன்னார். சொல்லிவிட்டு வால்வைப் பார்த்தார்.

திறந்தேன். மஞ்சளும் பச்சையும் கலந்த தண்ணீர், நுரையோடு போனது. அப்போது என் கை நடுங்கியது என்று எழுதினால் உனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். நடுங்கவில்லை. வால்வைத் திறந்துவிட்டு மிச்ச டீயைக் குடித்தேன்.

மறுநாள் மதியம் மூன்று மணி வாக்கில் செத்த மீனால் ஏரி வெளுத்துவிட்டது. ஷிஃப்ட் முடிந்து வந்து பார்க்கிறேன், அன்னக்கூடை, கொசுவலை, உரச்சாக்கு என்று கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு ஊரே தண்ணீருக்குள் நிற்கிறது. மீன்கள் மல்லாந்து கிடந்தன. சில இன்னும் துடித்தன. துடிப்பவற்றைத்தான் முதலில் அள்ளினார்கள். ஏரியில் மீன் குத்தகை எடுத்திருந்த பாக்கியநாதன், என்னோடு அஞ்சாவது வரை படித்தவன், மாதாகோயில் தெருக்காரன், நடுவில் தனியாக நின்றிருந்தான். யாரையும் தடுக்கவில்லை. கைநீளத்துக்கு ஒரு விராலைச் செவுளில் விரல்விட்டுத் தூக்கினான். செவுள் முழுக்க வெள்ளையாகச் சளிமாதிரி படிந்திருந்தது. என் பக்கம் திரும்பி, "இன்னாபா இது, விராலு கூட?" என்று கேட்டான்.

"வெயிலு" என்றேன்.

 அவன் விராலைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கரையேறிப் போனான். நான் ஏரியை அறிந்தவன் என்று ஊரில் பேர் இருந்ததல்லவா, அதனால் பெண்கள் சாக்கோடு வந்து என்னிடம் கேட்டார்கள், இதை ஆக்கிச் சாப்பிடலாமா என்று. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் பேச்சு கால்வாய்க்குப் போகும். "வெயில்ல செத்ததுதானே, இன்னிக்கே ஆக்கிட்டா ஒண்ணும் ஆவாது" என்றேன். அதோடு விடவில்லை. நான் சொன்னதை அவர்கள் நம்ப வேண்டும் என்பதற்காக நானும் இரண்டு விராலை எடுத்து எல்லோரும் பார்க்கத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். மிச்ச மீன் ஒரகடம் ரோட்டில், கம்பெனி பஸ் நிற்கிற இடத்தில், தார்ப்பாயில் குவிந்தது. ஷிஃப்ட் முடிந்து இறங்கிய பையன்களும் பெண்களும் கறுப்புப் பையில் வாங்கிப்போனார்கள்.

அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது என்பது உனக்கு நினைவிருக்கும், ஏன் நடந்தது என்பது மட்டும் தெரியாது. உங்கம்மா அந்த இரண்டு விராலையும் புளி கரைத்துக் குழம்பு வைத்துவிட்டாள். நீ தட்டைப் போட்டு உட்கார்ந்துவிட்டாய். உங்கம்மா கரண்டியை எடுத்தபோதுதான், குழம்புக்குள் பல்லி விழுந்துவிட்டது என்று கத்தினேன். பல்லி எங்கேயும் இல்லை. சட்டியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பின்பக்கம் குழி தோண்டிக் கொட்டினேன், சட்டியையும் உடைத்துப் போட்டேன். பல்லிக்காகச் சட்டியை உடைப்பாயா என்று நீ கோபித்துக்கொண்டு வல்லம் வடகால் கூட்டுரோட்டுக்குப் பரோட்டா சாப்பிடப் போனாய். உங்கம்மா ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். நம்ம வீட்டு வாய்க்கு மட்டும் அது போகக் கூடாது என்று எனக்குத் தெரிந்திருந்தது பார்.

கையைக் கழுவிக்கொண்டு முன்பக்கம் வந்தேன். மாடி ரூமில் குடியிருந்த முத்துக்குமார் படியேறிக்கொண்டிருந்தான். தூத்துக்குடிப் பக்கத்துப் பையன், வல்லத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தான், ரூமில் நாலு பேர். அவன் கையில் கறுப்புப் பை. ஒரு வால் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இன்னைக்கு நம்ம ரூம்ல மீன் கொளம்பு. ஒரு வாய் சாப்பிட வாங்க" என்றான்.

பையைப் பார்த்தேன். அவன் முகத்தையும் பார்த்தேன். "நான் சாப்ட்டேம்பா, நீ போ" என்றேன். அவன் இரண்டு இரண்டு படியாகத் தாவி ஏறிப் போனான். மேலே வெங்காயம் வதக்குகிற வாசனை வந்தது. நான் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஒரு சத்தம் கொடுத்தால் போதும். பதினான்கு படி. உட்கார்ந்திருந்தேன்.

விடிந்ததும் நாலு பேருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. முத்துக்குமாருக்குத்தான் அதிகம், கண் செருகிவிட்டது. நான்தான் ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன், அதைப் பார்த்து நீ உன் அப்பாவைப் பெருமையாகப் பேசினாய். டாக்டர் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். வெயில் காலம், கடைச் சாப்பாடு என்றேன். பக்கத்துக் கட்டில்களிலும் கம்பெனி ஹாஸ்டல் பெண்கள் சிலர் படுத்திருந்தார்கள். அவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று நான் கேட்கவில்லை, கேட்காமலே தெரிந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ஒன்பது நாள் வேலைக்குப் போகாததால் முத்துக்குமாரின் இடத்தில் கான்ட்ராக்டர் வேறு ஆளைப் போட்டுவிட்டான். பெட்டியைக் கட்டிக்கொண்டு ஊருக்குக் கிளம்பினான். நீதான் அவன் பெட்டியை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில் வைத்துக் கொண்டுபோனாய். கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "கடல் மீனா தின்னு வளந்த வயிறு அண்ணாச்சி, ஏரி மீனு ஒத்துக்கிடல. ஒங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டேன்" என்றான். என்னிடம் மன்னிப்புக் கேட்டான், தம்பி. நான் பரவாயில்லைப்பா என்றேன்.

மீன் செத்த மூன்றாம் நாள் ஒரு அதிகாரி வந்தார், பாட்டிலில் சோதனைக்குத் தண்ணீர் எடுத்துப்போக. ஏரியைப் பற்றித் தெரிந்தவர் யார் என்று கேட்டார், ஊரார் என்னைக் காட்டினார்கள். கோடையில் தண்ணீர் வற்றினால் காற்று குறையும், பெரிய மீன் மூச்சுத் திணறும், விடியற்காலையில் மிதக்கும் என்று நான் மேலே உனக்கு எழுதிய அத்தனையும் அவரிடம் சொன்னேன். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. விரால் செத்ததை மட்டும் சொல்லவில்லை. மதியத்தில் செத்ததைச் சொல்லவில்லை. எந்த இடத்தில் தண்ணீர் எடுக்கலாம் என்று கேட்டார். கால்வாய் வந்து சேருகிற முனையைவிட்டு, எதிர்க்கரையில் மதகடிப் பள்ளத்தைக் காட்டினேன். கவனமாக எழுதிக்கொண்டு எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். ஒரு மனிதன் வாழ்நாள் முழுக்கத் தண்ணீரில் நின்று கற்றுக்கொண்டதை ஒரு நாளில் வாடகைக்கு விட முடியும். உன்னிடம் யாராவது உனக்குத் தெரிந்ததில் பாதியை மட்டும் சொல்லச் சொன்னால், அந்த இடத்தைவிட்டு எழுந்து வந்துவிடு. பாதி உண்மையைச் சொல்லிப் பழகிய வாய்க்கு முழுப்பொய் கஷ்டமாகவே இருப்பதில்லை.

ஆடியில் நீ விமானம் ஏறினாய். நான் வேலைக்குப் போய்வந்தேன். மேனேஜர் எப்போதும்போல நல்லவராகவே இருந்தார். பாக்கியநாதன் குத்தகையை விட்டுவிட்டு மணிமங்கலம் பக்கம் வேறு ஒருவருக்குக் கூலிக்கு வலை இழுக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு என்னால் மீன் சாப்பிட முடியவில்லை, வாயு என்று உங்கம்மாவிடம் சொல்லி வைத்தேன். தட்டில் வேறு எது வைத்தாலும், பிசைகிற என் கையைப் பார்த்தால் எனக்கே ஒருமாதிரியாக இருக்கும். இரண்டு வருஷம் அப்படியே ஓட்டினேன், சாகும்வரைகூட ஓட்டியிருப்பேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. அப்போதுதான் நீ, யாரு வந்து கேக்கப் போறா என்று சிரித்தாய்.

மறுநாளே மணிமங்கலம் போனேன். பாக்கியநாதன் கோயில் பக்கத்து வேப்பமரத்தடியில் வலையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தான். முதுகு கூன் போட்டுவிட்டது. நான் நின்றபடியே சொன்னேன், வால்வைத் திறந்தது, விராலை மறைத்தது, அதிகாரிக்கு இடம் காட்டியது எல்லாம். அவன் வலையைப் பிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"தெரியும்பா. விராலு செத்துச்சே, அப்பவே தெரியும்" என்றான்.

அப்புறம் ஏன் கேட்கவில்லை என்றேன்.

"கேட்டேனே. நீ வெயிலுன்னே." கொஞ்ச நேரம் வலையை உதறினான். "ஆபீசருகிட்ட நானும் சொல்லியிருப்பேன். உம் புள்ள பொட்டி கட்டிக்கினு இருந்தான். சரி போவுதுன்னு வுட்டுட்டேன்."

அவன் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவனுடைய குஞ்சும் பெரிய மீனும் எல்லாம் போன அன்றைக்கு, அவன் உன் பெட்டியை நினைத்திருக்கிறான். நான் அவனுடைய எதையும் நினைக்கவில்லை. அங்கேயே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டேன். அவன்தான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இப்போது எழுதிக் கொடுத்தால் சாட்சிக் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டேன். உன்னைப் பற்றிக் கேட்டான். உம் புள்ள வேலை என்ன ஆகும் என்று. தெரியாது என்றேன். வலையைச் சுருட்டி வைத்துவிட்டு, "எப்ப போறோம்?" என்றான்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குகிற நாள். மூன்று பக்கம், என் கையெழுத்தில், வால்வு எந்த இடத்தில் இருக்கிறது என்று படம் போட்டு, நான் திறந்தேன் என்று எழுதி, கீழே பேர் போட்டுக் கொடுத்தேன். பாக்கியநாதன் பக்கத்தில் கையெழுத்துப் போட்டான். சீல் குத்தி, விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். மறுநாள் கம்பெனி கேட்டில் என் கார்டு வேலை செய்யவில்லை. செக்யூரிட்டி தலைகுனிந்தபடி நாற்காலி போட்டான். மேனேஜர் போனில் வந்தார், வருத்தமாகத்தான் பேசினார், தம்பியை ஒரு நிமிஷமாவது நினைத்துப் பார்த்தீர்களா என்று கேட்டார். அவனை நினைத்துத்தான் சார் அன்றைக்குத் திறந்தேன், அவனை நினைத்துத்தான் இன்றைக்கு எழுதினேன் என்றேன். உன் வேலைக்கு இதனால் என்ன வரும் என்று எனக்குத் தெரியாது. ஏதாவது வரலாம். அதற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த வால்வைத் திறந்து கிடைத்த எதன்மேலும் நீ நிற்கக் கூடாது. மன்னிப்புக் கேட்க வேண்டியது அந்தப் பழைய நாளுக்கு.

வேலை போனது எப்படி என்று உங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், பல்லியையும். அவள் அழவில்லை. உடைந்த சட்டியைப் பற்றிக்கூட ஒன்றும் கேட்கவில்லை. "மாடில இருந்த புள்ளைக்கு ஏன் சொல்லல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.  அவளே எழுந்து போய்த் தன் போனில் தேடி, முத்துக்குமாரின் நம்பரைப் போட்டு, அடிக்கிற போனை என் கையில் கொடுத்துவிட்டு எதிரிலேயே உட்கார்ந்தாள்.

அவன் சந்தோஷமாகத்தான் எடுத்தான். ஊரில் உப்பளத்தில் லாரி ஓட்டுகிறானாம், உன்னை விசாரித்தான், கல்யாணத்துக்குக் கூப்பிடத்தான் நான் பேசுகிறேன் என்று நினைத்துவிட்டான். சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் சொன்னேன். அந்தப் பக்கம் லாரி இன்ஜின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது, பிறகு அதுவும் நின்றது.

"அண்ணாச்சி, அன்னைக்கு நான் ஒங்கள சாப்பிடக் கூப்பிட்டப்ப ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்பா."

போனை வைத்துவிட்டான். நாலு நாளாயிற்று. திரும்பக் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இதைப் படித்துவிட்டு நீயும் பேசாமல் இருக்கலாம், மேடையில் நான் நிற்க வேண்டாம் என்றும் சொல்லலாம். உங்கம்மா வருவாள். நான் வெளியே பந்தியில் இலை எடுத்துப் போட்டுக்கொண்டு இருந்துவிடுகிறேன். ஆனால் ஒன்று. உன் கம்பெனியில் கூப்பிட்டுக் கேட்பார்கள். நயமாகத்தான் கேட்பார்கள், கையில் காப்பிகூட இருக்கும். உங்க அப்பாவுக்கு வயசாயிற்று, வேலைப் பளு, ஏதோ குழப்பத்தில் எழுதிக் கொடுத்துவிட்டார் போலிருக்கிறதே என்பார்கள். நீ ஆமாம் என்று தலையாட்டினால் போதும், எல்லோருக்கும் சுலபமாகிவிடும், எனக்கும்கூட. அப்படித் தலையாட்டாதே. எங்கப்பாவுக்குக் குழப்பம் எதுவும் இல்லை, அவர் தெரிந்தேதான் செய்தார் என்று சொல்.

அப்பா